காளிக்கு இரண்டரை இஞ்ச்

மாலைத் தையல் வகுப்பில் சேர்ந்த அன்றே காமாக்ஷி டீச்சர் எங்களை ஆளுக்கொரு நீளநோட்டு வாங்கிவரச் சொன்னார். என்ன அளந்தோம், என்ன வெட்டினோம், எங்கே தப்பு வந்தது என்று மூன்று கட்டம் போட்டுத் தினமும் எழுத வேண்டும். வருடக் கடைசியில் அதைப் பார்த்துத்தான் சான்றிதழ். நான் மட்டும் நான்காவதாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன். அதன் தலைப்பு, ‘என் தப்பா?’

மூன்று மாதத்தில் அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்பதைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. நூல் அறுந்த நாளிலும் ஆம். மின்சாரம் போன ஒரு நாளில் வெறும் கோடு போட்டிருந்தேன். மறுநாள் யோசித்துவிட்டு அதையும் ஆம் என்று திருத்தினேன். மேகம் திரண்டதைப் பார்த்தும் துணியை முன்கூட்டியே இஸ்திரி போட்டு வைக்காதது நான்தானே.

எனக்கு வயது இருபத்தைந்து. வீடு பேட்டையில். ஜங்ஷனில் காஜா முகைதீன் அண்ணாச்சியின் ரெடிமேட் கடையில் ஐந்து வருடம் ஆல்ட்ரேஷன் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். ஜூன் மாதம் அதை விட்டுவிட்டு, தச்சநல்லூர் மெயின் ரோட்டில் மாவு மில்லுக்குப் பக்கத்து அறையைப் பிடித்து, ‘தஸ்மியா டெய்லரிங்’ என்று போர்டு மாட்டினேன். மாட்டி முடித்ததும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். வேறு யாரோ ஒரு தஸ்மியாவின் கடை மாதிரி இருந்தது.

வேலையை விடுகிறேன் என்று சொன்னபோது காஜா முகைதீன் அண்ணாச்சி கோபப்படவில்லை.

“நீ போற போக்கப் பாத்தா திரும்பி வந்துருவன்னுதான் தோணுது. தசரா கொடியேத்தம் வரைக்கும் உன் மெஷின்ல வேற ஆள உக்கார வைக்க மாட்டேன். அதுக்குமேல தீவாளிக் கூட்டம் வந்துரும், என்னால சமாளிக்க முடியாது. அதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லு.”

அவர் நல்லதாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் காலி மெஷின் எந்நேரமும் என் நினைவிலேயே இருந்தது. ஒரு பட்டன் கோணலாகப் போனால்கூட, பேசாமல் அங்கேயே போய் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றும். அங்கே தப்பு வந்தால் கடையின் பெயரில் போகும். இங்கே போர்டில் என் பெயர் அல்லவா இருக்கிறது.

ஆகஸ்டில் ஒருநாள் லோடு வேன் ஒன்று மாவு மில் வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. சாத்தான்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். தச்சநல்லூர் குடோனுக்கு வாரம் இரண்டு தடவை முருங்கைக்காய் லோடு கொண்டு வருபவர். என் போர்டை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே வந்தார்.

“குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேசம் போட எங்க ஊர்ல ஒரு செட்டு இருக்கு. பன்னெண்டு பேரு. வருசாவருசம் வாடகை உடுப்புதான். போன வருசம் எவன் வேர்வையோ, எங்களுக்குச் சொறி வந்துட்டு. இந்த வருசம் சொந்தமா தைச்சுக்கிடுவோம்னு இருக்கோம். தைப்பியா பிள்ள?”

“நான் இதுவரைக்கும் வேசத்துக்குத் தைச்சதில்ல அண்ணாச்சி.”

“காளியா இருந்தா என்ன, உள்ள மனுசன்தான இருக்கான். கையி ரெண்டுதான். மத்த ஆறு கையி வேற ஆளு செய்யுதான்.”

அன்று மாலை நோட்டில் ஒரு முடிவை எழுதி அடியில் கோடு போட்டேன். இந்தப் பன்னிரண்டு உடுப்பும் சரியாக அமைந்தால் கடை தொடரும். அமையாவிட்டால் கொடியேற்றத்துக்கு மறுநாள் ஜங்ஷனுக்குத் திரும்பிவிட வேண்டும். இப்படி எழுதி வைத்த பிறகு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. என்னை நான் தீர்மானிக்க வேண்டாம், துணி தீர்மானித்துவிடும்.

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி காலை பன்னிரண்டு பேரும் அந்த லோடு வேனிலேயே வந்து இறங்கினார்கள். மூன்று காளி, ஒரு எமன், ஒரு கரடி; இந்த ஐந்து பேருக்கும் நாற்பத்தொரு நாள் விரதம், அன்று காலைதான் மாலை போட்டிருந்தார்கள். ராஜா, ராணி, இரண்டு அரக்கர். இவர்களுக்கு இருபத்தொரு நாள். இரண்டு குரங்குகளுக்கும் போலீஸுக்கும் பதினோரு நாள். கொடியேற்றம் முடிந்ததும் காப்புக் கட்டி, வேடம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் அம்மனிடம் சேர்ப்பார்களாம்.

ஆண்களுக்கு அளவெடுக்க நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். டேப்பை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். அவர்களே சுற்றிப் பிடிப்பார்கள். நான் எண்ணை மட்டும் படித்து எழுதுவேன். ஒவ்வோர் அளவும் மூன்று தடவை. கடைசி ஆளுக்கு முடியும்போது ஒரு குரங்கு வேனிலேயே தூங்கிவிட்டது. பெயர், வேடம், விரத நாள், அளவு என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் பதினேழாம் தேதி, கொடியேற்றத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, போட்டுப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். எமன் வேடம் போடும் சுயம்புலிங்கம் அண்ணாச்சி, காளி வேடம் போடும் ஐகோர்ட்துரை, போலீஸ் வேடம் போடும் வன்னியராஜ். போலீஸ் சட்டையும் பேண்ட்டும் வன்னியராஜுக்குக் கச்சிதமாக இருந்தன. அவர் வாசலில் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். மாவு மில்லுக்கு வந்த ஒருவர் நிஜப் போலீஸ் என்று நினைத்துப் பைக்கைத் தள்ளி நிறுத்தினார்.

அதற்குப் பிறகு ஐகோர்ட்துரை தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தார். சிவப்புப் பாவாடையை ஒரு கையால் பிடித்திருந்தார்.

“தாயி, கைய எடுக்கட்டா?”

“எடுங்க.”

எடுத்தார். பாவாடை முழங்காலுக்கு இறங்கிவிட்டது. உள்ளே கால்சட்டை போட்டிருந்ததால் தப்பித்தோம்.

“ஏலே, சன்னதியில ஆடும்போது இப்பிடி ஆச்சுன்னா சூரன் சண்ட போடாமலே சிரிச்சுச் செத்துருவான்,” என்றார் வன்னியராஜ்.

எமனின் கறுப்புப் பேண்ட்டும் நிற்கவில்லை. சுயம்புலிங்கம் அண்ணாச்சி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எமனுக்குப் பாசக்கயிறு எதுக்குன்னு இப்பம்லா தெரியுது. இடுப்புல கெட்டிக்கிட,” என்றார் ஐகோர்ட்துரை.

சுயம்புலிங்கம் அண்ணாச்சி சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழம எல்லாரையும் கூட்டிட்டு வாரேன். என்ன ஏதுன்னு அதுக்குள்ள பாரு பிள்ள. இனி வாடகைக்குக் கேட்டாலும் கிடைக்காது. உன்ன நம்பித்தான் இருக்கோம்.”

அவர்கள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உடுப்புகளை அளந்து பார்த்தேன். நோட்டில் எழுதிய அளவோடு நான் விட்ட தளர்வையும் கூட்டினால், தைத்த துணிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. டேப் இழுத்துப் போயிருக்குமோ என்று இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. புது டேப் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். அதுவும் சரியாக இருந்தது. மூன்று பேருக்கும் ஒரே நாளில், ஒரே டேப்பில், ஒரே கையால் எழுதியது. ஒருவருக்குச் சரியாக இருக்கிறது, இரண்டு பேருக்கு இரண்டரை இஞ்ச் தொளதொளவென்று நிற்கிறது.

வண்ணார்பேட்டையில் மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஸ்ரீலக்ஷ்மியிடம் சொன்னேன். அவள் பகலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

“போலீஸுக்கு மட்டும் உன் டேப் பயந்துண்டு சரியா அளந்திருக்குடி,” என்றாள். நான் சிரிக்காததைப் பார்த்து நோட்டை வாங்கிப் பார்த்தாள். “கூட்டல் கழித்தல்ல தப்பில்லையே. வேற என்னமோ இருக்கு.”

வேறு என்ன இருக்க முடியும்? நான்தான் இருந்தேன். பஸ்ஸில் வரும்போது காஜா முகைதீன் அண்ணாச்சிக்கு, ‘புதன்கிழமை முதல் வேலைக்கு வருகிறேன்’ என்று ஒரு செய்தி தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் உம்மா ஒரு ரவிக்கையோடு காத்திருந்தார்.

“ஏளா, இத இன்னும் கொஞ்சம் பிரிச்சு விடு. பெருநாளுக்குப் பெறவு நீ பிரிச்சு விட்டதே பத்தல. நோம்புல ஏறுன ஒடம்பு எறங்கவே மாட்டேங்கு.”

எங்கள் வீட்டில் வருடாவருடம் நடப்பதுதான். பகல் முழுக்கப் பட்டினி, பொழுது சாய்ந்து மக்ரிபுக்கு மேல் கஞ்சி, வடை, சமோசா, விடியுமுன் சஹருக்குச் சோறு. ஜங்ஷன் கடையிலும் பெருநாள் கழிந்த வாரம் பாதிப் பேர் இடுப்பைப் பெரிதாக்கத்தான் வருவார்கள். ஐந்து வருடமாகப் பிரித்து விட்ட கை இது.

“அந்தத் தசரா ஆளுகளுக்கும் அதுக்குத்தான் உம்மா, நாப்பத்தொரு நாள் விரதம் இருக்கவங்களுக்கு மட்டும் அரை இஞ்ச் சேத்து விட்டேன். விரதத்துல ஒடம்பு போட்டுரும்லா. அவ்வளவு யோசிச்சுச் செஞ்சும் இப்பிடி ஆயிட்டு.”

“அவுக நோம்பு தொறக்கதுக்கு என்ன சாப்புடுவாவ?”

“அதெல்லாம் யாரு கேட்டா,” என்று எரிந்து விழுந்தேன். உம்மா ரவிக்கையை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டு நோட்டை மறுபடி விரித்தேன். ‘என் தப்பா?’ கட்டத்தில் எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதும் முன் ஒழுங்காகத் தப்பு எங்கே என்று குறிக்க வேண்டும் என்பதற்காக, பெயர்களைத் திரும்பப் படித்தேன். சுயம்புலிங்கம், எமன், நாற்பத்தொன்று. ஐகோர்ட்துரை, காளி, நாற்பத்தொன்று. வன்னியராஜ், போலீஸ், பதினொன்று.

பேனாவை மூடினேன். மணி ஆறேகால். பரவாயில்லை என்று ஐகோர்ட்துரைக்குப் போன் போட்டேன். அவர் விழித்துத்தான் இருந்தார்.

“அண்ணாச்சி, விரதத்துல என்ன சாப்பிடுவீங்க?”

“ஏன் தாயி, விருந்து வைக்கப் போறியா? ஒரு நேரந்தான். மத்தியானம் பச்சரிசிச் சோறு, நானே பொங்கிக்கிடுவேன்.”

“ராத்திரிக்கு?”

“தண்ணி.”

“தண்ணின்னா, கஞ்சித் தண்ணியா?”

“பச்சத் தண்ணி தாயி. பானைத் தண்ணி.”

முப்பத்தாறு நாள். ஒரு வேளைச் சோறு. போலீஸுக்கு விரதம் தொடங்கியே ஐந்து நாள்தான் ஆகிறது. அவருக்கு எப்படி இளைக்கும்? உம்மா கேட்ட கேள்வியை நான் ஆகஸ்டிலேயே கேட்டிருக்க வேண்டும். ஊரில் எல்லா விரதமும் எங்கள் வீட்டு நோன்பு மாதிரிதான் இருக்கும் என்று நினைத்த ஒரே டெய்லர் நானாகத்தான் இருப்பேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. கட்டத்தில், ‘இரண்டரையில் அரை மட்டும்’ என்று எழுதினேன். பிறகு அடுப்படிக்குப் போய் உம்மாவிடம் ரவிக்கையைப் பிரித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். கடைக்குள் இடமில்லாமல் பாதிப் பேர் மாவு மில் சுவரோரம் நின்றார்கள். நான் முந்தின நாளே பேச வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் எழுதியதில் பாதிகூடச் சொல்லத் தேவைப்படவில்லை. நோன்புக் கஞ்சியையும் உம்மா ரவிக்கையையும் சொன்னதுமே ஐகோர்ட்துரை தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

“எங்க விரதத்துல ராத்திரி சமோசா கிடையாது தாயி! தெரிஞ்சிருந்தா உங்க நோம்புக்கே வந்துருப்பேன்.”

“அதுல பகல்ல தண்ணிகூடக் கிடையாதுலே. உனக்கு ஆகாது,” என்றார் வன்னியராஜ்.

சுயம்புலிங்கம் அண்ணாச்சி முகம்கூடக் கொஞ்சம் தளர்ந்தது. “அப்ப அளவுல குத்தமில்லங்குத. சரி, இப்ப என்ன செய்யணும்?”

“எல்லாருக்கும் திரும்ப அளவெடுக்கணும். இன்னும் பத்து நாளு வேசத்தோட விரதம் இருப்பீங்க, மேல மேல எளைக்கும். அதனால மூணு வரிசையா கொக்கி வச்சுத் தாரேன். தேவைக்கு ஏத்த மாதிரி மாட்டிக்கிடலாம்.”

இதை நான் தடுமாறாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, தடுமாறவில்லையே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து டேப்பைச் சுற்றிப் பிடித்தார்கள். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதிக்கொண்டே போனேன். என் கணக்குச் சரியாகிக்கொண்டே வரும் சந்தோசத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முடிந்ததும் ஐகோர்ட்துரை ஒரு யோசனை சொன்னார்.

“அப்பிடின்னா எவன் ஒழுங்கா விரதம் இருக்கான்னு இந்த நோட்டே சொல்லிரும்லா! வாசி தாயி, சத்தமா வாசி.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து நின்று வாசித்தேன்.

“சுயம்புலிங்கம் அண்ணாச்சி, முப்பத்தெட்டு இருந்தது, இப்ப முப்பத்தாறு.”

“எமன் பாஸ்!”

“ஐகோர்ட்துரை அண்ணாச்சி, முப்பத்தஞ்சு, இப்ப முப்பத்திமூணு.”

“லே, ராணி எவ்வளவு? ராணிக்குத்தான் இடுப்பு முக்கியம்!”

“ராணிக்கு ஒரு இஞ்ச் கொறஞ்சிருக்கு.” இருபத்தொரு நாள்காரர்களுக்கு ஒன்று, முக்கால் என்று இருந்தது. மற்ற இரண்டு காளிகளுக்கும் இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது. குரங்குகள் இரண்டும் போலீஸும் அப்படியே இருந்தார்கள். வெளியே மில்லுக்கு வந்திருந்த பெண்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“இது விளாட்டு இல்லலே,” என்றார் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. “விரதத்துல தவறுனவன் செட்டுல நிக்கக் கூடாது. மூணு வருசத்துக்கு முன்ன ஒருத்தன அனுப்பிட்டோம், இன்னும் அவங்கூடப் பேச்சு கிடையாது. மிச்சத்தையும் வாசி பிள்ள.”

மிச்சம் ஒரு பெயர்தான் இருந்தது. முத்துமாலை, கரடி, நாற்பத்தொன்று. வயிற்றளவு நாற்பது. அதன் பக்கத்தில் நானே, என் கையாலேயே, கால் மணி நேரத்துக்கு முன்னால் எழுதிய எண்: நாற்பத்தொன்றரை.

நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினேன். முத்துமாலை அண்ணாச்சி சுவரோரம் கடைசியில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாத மனிதர். துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்க்காத இடத்தையும் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த எண் தெரியும். டேப்பைப் பிடித்தது அவர்தானே.

முதலில் எனக்குப் பரோட்டாதான் நினைவுக்கு வந்தது. திருட்டுத்தனமாகச் சாப்பிட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று சொல்வதற்காக அவர் என்னிடம் டேப்பைச் சுற்றிக்காட்டவில்லை. தைப்பதற்காகக் காட்டினார். அந்த எண் என்னிடம் இருப்பது அதற்கு மட்டும்தான். மற்ற பதினொன்றையும்கூட நான் இப்படி நின்று ஏலம் போட்டிருக்கக் கூடாது.

“வாசி தாயி, கரடி எத்தன?”

நோட்டை மூடினேன்.

“கரடிக்கு நான் எழுதுனதுல தப்பு அண்ணாச்சி. ஆகஸ்ட்ல எழுதும்போதே எண்ண மாத்தி எழுதிட்டேன். உடுப்பு அவுகளுக்குப் பத்தாது.”

சிரிப்பு நின்றுவிட்டது. சுயம்புலிங்கம் அண்ணாச்சி, “போட்டுப் பாருலே,” என்றார். முத்துமாலை அண்ணாச்சி கறுப்பு ரோமத் துணிக்குள் நுழைந்தார். முதுகு ஜிப் பாதியில் நின்றது. இரண்டு விரல் இடைவெளி.

“மூணு தடவ அளந்தியே பிள்ள. மூணு தடவ அளந்துட்டு மாத்தியா எழுதுவ? ஒண்ணு தப்புன்னா மத்ததும் தப்பா இருக்காதுன்னு என்ன நிச்சயம்? பன்னெண்டு பேரு அளவ எழுதத் தெரியாமயா போர்டு போட்ட?”

இந்த ஒரு கேள்விக்குத்தான் ஜூன் மாதத்திலிருந்து பயந்துகொண்டிருந்தேன். யாராவது ஒருநாள் போர்டைக் காட்டி இதைக் கேட்பார்கள் என்று தெரியும். கேட்டால் என்ன ஆகும் என்றும் நினைத்து வைத்திருந்தேன்: அழுவேன், திருப்பிக் கொடுத்துவிடுவேன், ஜங்ஷனுக்குப் போய்விடுவேன். ஆனால் இப்போது கேட்கப்பட்டது நான் செய்யாத தப்புக்கு. அது எவ்வளவு வசதியாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் எழுத்துச் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே திட்டு வாங்குவதில் வலியே இல்லை.

“மத்த பதினொண்ணும் சரி அண்ணாச்சி. இப்ப உங்க முன்னாலதான அளந்தேன். ஞாயித்துக்கிழம பன்னெண்டு உடுப்பும் ரெடியா இருக்கும். கரடிக்கு ரெண்டு பக்கமும் புதுத் துணி வச்சுப் பெருசாக்கித் தாரேன். என் தப்பு, என் செலவு. ஒண்ணு சரியில்லன்னாலும் அதுக்குப் பெறவு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “செரி. ஞாயித்துக்கிழம வாரேன்,” என்று வேனில் ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள். முத்துமாலை அண்ணாச்சி கரடி உடுப்பை மடித்து என் மேஜையில் வைத்தார். அவ்வளவு ஒழுங்காக மடித்து வைத்த ஆம்பளையை நான் பார்த்ததில்லை.

இரண்டு நாளும் மாலை வகுப்புக்குப் போகவில்லை. சனிக்கிழமை ஸ்ரீலக்ஷ்மி வந்து கொக்கி வைத்துக் கொடுத்தாள். முப்பத்தாறு கொக்கி வைத்துவிட்டு, “இனிமே காளியப் பாத்தா எனக்குக் கொக்கிதான் ஞாபகம் வரும்,” என்று விரலை உதறினாள். சிரித்துக்கொண்டே தைத்தோம். பயந்துகொண்டே தைத்தேன் என்றும் எழுதலாம், ஆனால் முன்பு இருந்த பயம் இல்லை. தைத்து முடியுமா என்ற பயம்தான். நான் யார் என்ற பயம் இல்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் செட் வருவதாக ஏற்பாடு. எட்டரைக்கே முத்துமாலை அண்ணாச்சி தனியாகப் பஸ்ஸில் வந்துவிட்டார். கரடி உடுப்பைப் போட்டுப் பார்த்தார். ஜிப் கழுத்து வரை ஏறியது. குனிந்தார், கையைத் தூக்கினார், ஒரு சுற்று ஆடிக்கூடப் பார்த்தார். பிறகு கரடித் தோலோடேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

“ஏம்மா அப்பிடிச் சொன்ன?”

“எது அண்ணாச்சி?”

“எனக்கு ஆடி மாசம் சுகர் ரொம்ப ஏறிட்டு. ஊசி போடச் சொல்லிட்டாவ. மூணு வேள சாப்புடாம ஊசி போடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. ஊசி போட ஆரம்பிச்சதுல இருந்து ஒடம்பு வேற போடுது. கறி மீன் தொடல, எல்லாம் சுத்தமாத்தான் இருக்கேன். ஆனா ஒரு நேரம் இருக்க முடியல.” கரடிக் கையால் மூக்கைத் தேய்த்தார். “அம்மன்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். இவனுவகிட்டதான் சொல்லல. இருபத்திரண்டு வருசமா கரடி நான்தான். வேண்டாம், வீட்டுல இருன்னு சொல்லிட்டா என்ன செய்ய?”

பரோட்டாவை நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

“ஆடும்போது மயக்கம் வந்துச்சுன்னா?”

“மிட்டாய் வச்சுக்கிடணும்னு சொல்லிருக்காவ.”

“அப்ப ஒரு நிமிசம் கழட்டிக் குடுங்க.”

வயிற்றுப் பக்கம் ரோமத்துக்குள் தெரியாத மாதிரி ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. அவர் அதற்குள் கையை விட்டு விட்டு எடுத்துப் பார்த்தார்.

“கூட ஆடுறவங்க யாராவது ஒருத்தருக்காவது தெரியணும் அண்ணாச்சி. பை எங்க இருக்குன்னாவது.”

“துரைகிட்ட சொல்லுதேன்,” என்றார். “அவன் சிரிப்பான். ஆனா வெளிய சொல்ல மாட்டான்.”

பத்து மணிக்கு மற்றவர்கள் வந்தார்கள். பதினொரு உடுப்பையும் ஒவ்வொன்றாகப் போட்டு, குதித்து, உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பார்த்தார்கள். சுயம்புலிங்கம் அண்ணாச்சி எமன் பேண்ட்டின் கொக்கியை முதல் வரிசையில் மாட்டினார், கழற்றி இரண்டாவதில் மாட்டினார். இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்தார். வேனில் எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு திரும்பி வந்தார்.

“பக்கத்து ஊருச் செட்டுக்காரன் கேட்டான், யாரு தைக்கான்னு. நம்பர் குடுத்துருக்கேன். அவன் கொஞ்சம் கோவக்காரன். மாத்தி எழுதிராத.”

“மாத்தி எழுத மாட்டேன் அண்ணாச்சி.”

செவ்வாய்க்கிழமை கொடியேற்றம். மதியம் வன்னியராஜ் ஒரு வீடியோ அனுப்பினார். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று காளிகள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள், பாவாடை மூன்றும் இடுப்பிலேயே இருந்தன. கரடி ஒரு குழந்தையைப் பயமுறுத்திவிட்டு அதற்கு மிட்டாய் கொடுத்தது. வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். ஆறு நாளாக அனுப்பாமல் வைத்திருந்த செய்தியை அழித்தேன். பிறகு கடையைப் பூட்டிவிட்டு ஜங்ஷனுக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். ஐந்து வருடம் உட்கார்ந்த இடம், நேரில் சொல்வதுதான் முறை.

காஜா முகைதீன் அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். “வந்துட்டியா? நல்லது. மெஷினுக்கு எண்ண போட்டு வச்சிருக்கு.”

“நான் வரல அண்ணாச்சி. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் கீழே பார்க்கவில்லை.

“நிச்சயமாவா?”

“ஆமா.”

“நாளைக்கு வந்து அழுவியா?”

“அழுதாலும் அங்கன இருந்தே அழுதுக்கிடுதேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லாயிரு. அல்லா பறக்கத் செய்வான். போறதுதான் போற, அந்த ஸ்டூலையும் எடுத்துட்டுப் போயிரு. உன் ஒசரத்துக்குக் காலை அறுத்து வச்சுட்ட, வேற எந்தப் பிள்ளையும் அதுல உக்கார மாட்டேங்கு.”

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பின் கதவுப் பக்கம் ஸ்டூலைப் போட்டு அதிலேயே உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக உடம்பு முழுவதும் இளகிக் கிடந்தது. கண்டக்டர் வந்து நின்று பார்த்தார்.

“பிள்ள, எங்க பஸ்ஸுல சீட்டு நாங்கதான் போடணும். இனி ஆளாளுக்கு வீட்டுல இருந்து கொண்டாந்தா என்ன செய்ய? எங்க போணும்?”

“தச்சநல்லூர்.”

“தச்சநல்லூர்ல எங்கன?”

“மாவு மில்லு பக்கத்துல,” என்றேன். பிறகு, “என் கடைக்கு,” என்றேன்.